லோ ஜிஐ அரிசி அஞ்சு கிலோ பை: மூணு மாசம் தின்னு பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், இது காசு வாங்கிட்டு எழுதற ரிவியூ இல்லீங்க. சொந்தக் காசுல 790 ரூவா குடுத்து ஒரு பை, அது தீந்ததும் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, ஆக மூணு பை வாங்கி நான் ஒருத்தனே தின்னுருக்கேன். பிராண்ட் பேர் போட மாட்டேன், ஏன்னா கொறையும் சொல்லப் போறேன், எதுக்கு வம்பு. பச்சைக் கலர் பை, முன்னாடி பெருசா "ஜிஐ 54" னு வட்டத்துக்குள்ள போட்டிருக்கும் (ஜிஐன்னா கிளைசீமிக் இண்டெக்ஸ், ஒரு சாப்பாடு ரத்தத்துல சக்கரைய எவ்வளவு ஏத்துதுங்கற கணக்கு), இந்த மாதிரி இப்ப நாலஞ்சு கம்பெனி விக்கறாங்க, எல்லாத்துக்கும் இது பொருந்தும்னு தான் நெனைக்கறேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். வயசு 43, உயரம் 168, இதை வாங்கறப்ப வெயிட்டு 103 கிலோ. காலைல ஒம்பது மணிக்கு சேர்ல உக்காந்தா பையர் மெயில், சேம்பிள், கட்டிங்ல என்னாச்சு, டையிங்ல என்னாச்சுன்னு ராத்திரி எட்டு ஆயிரும், நடக்கறதுன்னா பாத்ரூமுக்கும் டீக்கடைக்கும் தான். ரெண்டு வருஷமா கழுத்தைச் சுத்தி கருப்பா ஒரு பட்டை மாதிரி இருந்துச்சு, என் சம்சாரம் அது அழுக்குன்னு நெனைச்சு ஞாயித்துக்கிழமையானா பயத்தமாவு போட்டுத் தேச்சுத் தேச்சு எனக்குத் தோலு எரிஞ்சது தான் மிச்சம். டாக்டர் பாத்த ஒடனே "இது அழுக்கில்லீங்க, இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், சக்கரைய எறக்கற இன்சுலினுக்கு உங்க ஒடம்பு சரியா மசிய மாட்டேங்குது"ன்னு சொல்லி பாஸ்டிங் சுகர், பாஸ்டிங் இன்சுலின் ரெண்டும் எழுதிக் குடுத்தார். சுகர் 104, இன்சுலின் 24. ரெண்டையும் பெருக்கி 405ஆல வகுத்தா ஹோமா ஐஆர்னு ஒரு நம்பர் வரும், அந்த ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு காட்டறது, எனக்கு ஆறு சொச்சம், ரெண்டரைக்கு மேல போனாலே கவனிக்கணும்னு அவர் சொன்னார். மூணு மாசச் சக்கரையோட சராசரியக் காட்டற ஹெச்பிஏ1சி 6.1, அதாவது இன்னும் சக்கரை நோய் வரல ஆனா வாசப்படில நிக்குது. இடுப்பு 112 சென்டிமீட்டர், நம்ம ஊரு ஆம்பளைக்கு 90க்குள்ள இருக்கணுமாம். மாத்திரை இப்ப வேண்டாம், மூணு மாசம் சாப்பாட்டைப் பாருங்க, மாவுச்சத்தைக் கொறைங்கன்னு அனுப்பிட்டார்.

வெளிய வந்து நான் பண்ணுன மொதல் வேலை மாவுச்சத்தைக் கொறைக்கறது இல்ல, கொறைக்காம தப்பிக்கறதுக்கு எதாவது விக்கறாங்களான்னு போன்ல தேடுனது. அப்படித் தான் இந்தப் பை வீட்டுக்கு வந்துச்சு.

மொதல்ல அரிசியப் பத்தி. வெள்ளை அரிசி தான், புழுங்கல், கைக்குத்தல் மாதிரி செவப்பா இருக்காது. சன்ன ரகம், கல்லு இல்ல, குருணை கம்மி, பேக்கிங் நல்லா இருந்துச்சு. பையில ரெண்டு மணி நேரம் ஊற வெச்சு, நெறைய தண்ணில வேக வெச்சு, கஞ்சிய வடிங்கன்னு எழுதிருக்கு. எங்க வீட்டுல யாரு வடிக்கறா, குக்கர் தான். மொத நாள் சம்சாரம் எப்பவும் பொன்னிக்கு வெக்கற மாதிரி வெச்சா, திறந்து பாத்தா வெந்தும் வேகாம நெறைநெறையா நிக்குது, அம்மா ஒரு வாய் வெச்சுட்டு "என்ன சாமி இது, பல்லுக்குள்ள உருளுது"ன்னாங்க. அடுத்த நாள் அதுக்குப் பழி வாங்கற மாதிரி தண்ணிய ஊத்தி ஆறு விசில், கொழகொழன்னு ஆயிருச்சு, ஆனா சாப்பிட நல்லா இருந்துச்சு. இந்த ஆறு விசில் கதை முக்கியம், பின்னாடி சொல்றேன்.

ருசின்னு பாத்தா சாம்பாருக்கு ஓகே, ரசத்துக்கு சுமார், ரசம் சோத்துக்குள்ள எறங்காம தட்டுல ஓடும். தயிருக்கு வேலைக்கே ஆகாது, பெசஞ்சா பெசையாது. அரிசிம்பருப்பு சாதம் பண்ணுனா அது மட்டும் அருமையா வந்துச்சு, பிரியாணிக்கும் நல்லா இருக்கும்னு தோணுது. காரணம் என்னன்னா இந்த மாதிரி அரிசில அமைலோஸ்ங்கற மாவு ஜாஸ்தி. அது நேரா நீளமா இருக்கற சங்கிலி, பக்கத்துல பக்கத்துல நெருக்கமா ஒட்டிக்கும், அதனால தண்ணியும் லேசுல உள்ள போகாது, வயித்துல செரிக்கற நொதியும் லேசுல உள்ள போகாது. நம்ம நாக்குக்குப் புடிச்ச அந்தக் கொழகொழப்பு இன்னொரு மாவு, கெள கெளயாப் பிரியற அமைலோபெக்டின், அது சட்டுனு ஒடைஞ்சு சக்கரையாயிரும். பல்லுக்குள்ள உருளுதுன்னு அம்மா கொறை சொன்னதுக்கு தான் நான் கிலோவுக்கு 158 ரூவா குடுக்கறேன், உருளலைன்னா வேலை செய்யலைன்னு அர்த்தம். பொன்னி எங்க கடைல 62 ரூவா.

இப்ப அந்த 54 என்னன்னு பாப்போம், ஏன்னா வாங்கறவங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியறதில்ல, எனக்கும் தெரியாது. 1981ல டொராண்டோ யுனிவர்சிட்டில டேவிட் ஜென்கின்ஸ்ங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் ஆரம்பிச்ச கணக்கு இது. ஒரு பத்துப் பேரை வெறும் வயித்துல உக்கார வெச்சு, சரியா 50 கிராம் மாவுச்சத்து வர்ற அளவு அந்தச் சாப்பாட்டைக் குடுத்து, ரெண்டு மணி நேரம் ரத்தத்துல சக்கரை எவ்வளவு ஏறுதுன்னு பாக்கறாங்க. அதே ஆளுங்களுக்கு இன்னொரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் தண்ணி. குளுக்கோஸை 100னு வெச்சுட்டா சாப்பாடு எத்தனைன்னு வர்றது தான் ஜிஐ. 55ம் அதுக்குக் கீழயும் லோ, 70ம் அதுக்கு மேலயும் ஹை. சென்னைல டாக்டர் மோகன் ஆரம்பிச்ச மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன்ல நம்ம தின்னற அரிசியவே இந்த மாதிரி டெஸ்ட் பண்ணிருக்காங்க, சோனா மசூரி 72, பொன்னி 70, சூர்த்தி கோலம் 77. பொன்னி 70ன்னா பரவால்லயேன்னு நான் நெனைச்சேன், அப்புறம் பாத்தா சாதா சக்கரையே 65 தாங்க! நாம தட்டு நெறையக் கொட்டிக்கறது அந்த ரகம். அதே ஆளுங்க இன்னொரு ரக அரிசிய தீட்டாம, பாதி தீட்டி, முழுசாத் தீட்டின்னு மூணு விதமாப் பாத்ததுல தீட்டாதது 57 சொச்சம், முழுசாத் தீட்டுனது 80 கிட்ட வந்துருச்சு. மில்லுல நாம காசு குடுத்து ஏத்திக்கறோம்.

ஆக பையில போட்டிருக்கற 54 பொய்யுன்னு நான் சொல்ல வரல. ஆனா அது 50 கிராம் மாவுச்சத்துக்கு. 50 கிராம் மாவுச்சத்துன்னா வெந்த சோறு சுமார் 180 கிராம், எங்க வீட்டு அன்னக்கரண்டில ரெண்டு. இதைத் தெரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

ரெண்டு வாரமும் என்ன பண்ணுனேன்னா, சரி டெஸ்ட்டே பண்ணிருவோம்னு, சக்கரை எவ்வளவுன்னு எந்நேரமும் போன்ல காட்டற, கையில ஒட்டற சென்சார் ஒண்ணு வாங்குனேன், பதினாலு நாள் வரும், அஞ்சாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இது அநாவசியச் செலவு தான், எனக்கே தெரியும், சம்சாரத்துக்கு இன்னும் நல்லாத் தெரியும். மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் கத்துது, பாத்தா சக்கரை 58, ரொம்பக் கம்மி. அவ பதறிப் போய் "ஏனுங்க, எந்திரிங்க, எந்திரிங்க"ன்னு எழுப்பி ஒரு டம்ளர் சக்கரைத் தண்ணிய வாயில ஊத்திட்டா. நானும் தூக்கத்துல குடிச்சுட்டேன். எங்கப்பா காலத்து மெஷின் ஒண்ணு இருந்துச்சு, விரல்ல குத்திப் பாக்கறது, எதுக்கும் பாப்போம்னு குத்துனா 96. அப்புறம் தான் தெரிஞ்சுது, சென்சார் இருக்கற கையி மேல படுத்தா அழுத்தத்துல தப்பாக் கம்மியாக் காட்டும்னு. அது ரத்தத்தைப் பாக்கறதில்ல, தோலுக்கு அடில இருக்கற தண்ணியப் பாக்குது, அதனால பத்து பதினஞ்சு நிமிஷம் பின்தங்கியும் வரும். சென்சார் வாங்கறவங்க இதைத் தெரிஞ்சுட்டு வாங்குங்க, இல்லைன்னா நடுராத்திரி சக்கரைத் தண்ணி தான்.

இனி கணக்குக்கு வர்றேன். எல்லாமே மதியச் சாப்பாடு, என் ஒடம்புல, அவ்வளவு தான் இதுக்கு மதிப்பு. பழைய பொன்னி, வழக்கமான தட்டு, சாம்பார்: உச்சம் 186. புது அரிசி, ஆறு விசில், அதே தட்டு: 178. பாத்ததும் எனக்குக் கடுப்பாயிருச்சு, எட்டுப் பாயிண்டுக்கா ரெண்டரை மடங்கு காசுன்னு. அப்புறம் பையில சொன்ன மாதிரி ஊற வெச்சு வடிச்சு, பருக்கை நிக்கற பதத்துல எறக்குனப்ப 157. இங்க தான் அந்த ஆறு விசில் கதை. அமைலோஸ் எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் கொழைய வேக வெச்சா தண்ணி உள்ள பூந்து எல்லாத்தையும் அவுத்து விட்டுரும், அப்புறம் அதுக்கும் சாதா அரிசிக்கும் இருக்கற வித்தியாசம் கொறைஞ்சிரும். இதைப் பையில கொட்டை எழுத்துல போடணுமா வேண்டாமா? பின்னாடி ஊட்டச்சத்து அட்டவணைக்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி எழுதிருக்காங்க.

இன்னொரு கூத்து, லோ ஜிஐ தானேன்னு அதே அரிசியப் போட்டு தோசைக்கு ஆட்டிட்டோம். நாலு தோசை, தேங்காச் சட்னி, 181. அரைச்சாலே போச்சு, அரிசியோட கட்டுமானமே ஒடைஞ்சு மாவாயிருது, செரிக்கறதுக்கு வேலையே இல்ல. இதே கணக்கு தான் சிறுதானியத்துக்கும். சாமைய முழுசா வடிச்சுச் சாப்பிட்டா ஒரு மாதிரி, ராகிய மாவாக்கிக் கூழ் காச்சிக் குடிச்சா வேற மாதிரி. ராகிக்கூழ் குடிச்ச அன்னிக்கு எனக்கு 170 தாண்டுச்சு, ராகின்னாலே சக்கரைக்கு நல்லதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்றவங்க ஒரு தடவை குத்திப் பாருங்க. ஓட்ஸும் அப்படித் தான், முழுசு வேற, ரெண்டு நிமிஷத்துல வேகற இன்ஸ்டன்ட் வேற.

சரி, அந்தத் தட்டு. ஒம்பதாவது நாளோ பத்தாவது நாளோ, சேம்பிள் துணி எடை போடற சின்ன தராசு ஒண்ணு கம்பெனில சும்மா கெடந்துச்சு, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு) பாக்கறது, அதை வீட்டுக்குக் கொண்டு வந்து என் சோத்த எடை போட்டேன். 430 கிராம்! மொத தடவை போட்டுக்கறது மட்டும், ரசத்துக்கும் மோருக்கும் தனி. வெந்த சோத்துல நூறு கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்துன்னா எனக்கு 120 கிராம் உள்ள போகுது. கிளைசீமிக் லோடுன்னு ஒரு கணக்கு இருக்கு, ஜிஎல்ம்பாங்க, ஜிஐய மாவுச்சத்து கிராமால பெருக்கி நூறால வகுக்கணும். 20க்கு மேல போனாலே ஹை. என் தட்டுல இந்த ஒசந்த அரிசி போட்டா 65. அதே நான் பழைய பொன்னியவே 200 கிராம் மட்டும் போட்டுட்டிருந்தா 40. அதாவது 62 ரூவா அரிசியப் பாதி தின்னிருந்தாலே 158 ரூவா அரிசிய முழுசாத் தின்னறதை விட நல்லா இருந்திருக்கும். அன்னிக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரலீங்க, சென்சார் கத்துனதால இல்ல.

அதுக்கப்புறம் தான் ஒழுங்கா ஆரம்பிச்சேன். 200 கிராம் சோறு, அதுக்கு மின்னாடி ஒரு கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு இல்லைன்னா பச்சப்பயறு கடைசல், அதை முடிச்சுட்டு தான் சோத்துல கை வெக்கறது. காயும் பருப்பும் மொதல்ல, மாவுச்சத்து கடைசில, இந்த வரிசைக்கே சக்கரை கம்மியா ஏறும்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. எனக்கு 131. சாப்டுட்டு வாட்ச்மேன் அண்ணங்கூட கம்பெனி காம்பவுண்டைச் சுத்திப் பதினஞ்சு நிமிஷம் நடந்த அன்னிக்கு 122. 186ல இருந்து 122. அதுல அரிசி மாத்துனதோட பங்கு எவ்வளவுன்னு தெரியணும்னு ஒரு நாள் பொன்னியவே 200 கிராம், அதே கொள்ளு, அதே நடை, எல்லாம் பண்ணுனேன். 133. ஆக 64 பாயிண்டுல பை குடுத்தது 11.

பதினொண்ணு சும்மா இல்லைன்னு சொல்றவங்களும் இருப்பாங்க, தப்பில்ல. ஒரே ஒரு நாள் பாத்த நம்பர், தூக்கம் கெட்டிருந்தாலே பத்துப் பாயிண்டு மாறும். கிலோவுக்கு 96 ரூவா ஜாஸ்தி குடுக்கறது உங்க பாக்கெட்டைப் பொறுத்தது. கொள்ளு அதை விட மலிவு, எங்க பக்கம் அம்மா காலத்துல மாட்டுக்கும் மனுசனுக்கும் ஒரே மூட்டைல இருந்து எடுத்தது, இப்ப அதைப் போயி நான் கிராம் கணக்குல நிறுத்துட்டு இருக்கேன்னு அவங்களுக்கு ஒரே சிரிப்பு. பருப்பு, பயறு, கொண்டக்கடலை எல்லாம் ஜிஐல ரொம்பக் கீழ இருக்கற கூட்டம், கடலைப் பருப்பு பத்துப் பக்கத்துல, கொண்டக்கடலை 28னு லிஸ்ட்டுல வரும், அரிசில என்ன ரகம் மாத்துனாலும் அந்த எடத்துக்கு வராது.

ஒண்ணு சொல்லியே ஆகணும், இந்த சென்சார் நம்பரைப் பாத்து நான் ஏமாந்தேன். 122 வந்ததும் எனக்குக் கொணமாயிருச்சுன்னே நெனைச்சுட்டேன். டாக்டர்ட்ட காமிச்சா அவர் சிரிச்சுட்டு, உங்க பிரச்சினை சக்கரை ஏறறது இல்ல, அதை எறக்க கணையம் எவ்வளவு இன்சுலின் கொட்ட வேண்டியிருக்குங்கறது, அது இதுல தெரியாதுன்னார். எங்க தொழில்ல சொல்லணும்னா ஷிப்மெண்ட் தேதிக்குப் போயிருச்சா, பையருக்கு அது போதும், அதுக்கு எத்தனை பேர் நைட் ஷிப்ட் பாத்தாங்கன்னு இன்வாய்ஸ்ல வராது. என்னை மாதிரி ஒடம்பு இருக்கறவங்களுக்கு வருஷக்கணக்கா கணையம் ஓவர்டைம் பாத்துட்டே இருக்கும், சக்கரை நார்மலாத் தான் காட்டும், என்னிக்கு அதால முடியலையோ அன்னிக்குத் தான் ரிப்போர்ட்ல ஏறும். அதனால ஜிஐ கம்மின்னு ஒரு பாக்கெட்டுல போட்டிருந்தா அது எடை கொறைக்கும், இன்சுலினைச் சரி பண்ணும்னு தானா அர்த்தம் ஆகாது. உருளக்கெழங்க வேக வெச்சா ஜிஐ ஜாஸ்தி, அதையே எண்ணெயில பொரிச்ச சிப்ஸ் கம்மி, ஐஸ்கிரீம் இன்னும் கம்மி, கொழுப்பு செரிமானத்தை இழுத்துப் புடிச்சு வெக்குது, அதனால. ஐஸ்கிரீம் தின்னு யாராச்சும் எளைச்சிருக்காங்களா?

இதே கம்பெனி லோ ஜிஐ பிஸ்கட்டும் விக்குது, பையோட ஒரு பாக்கெட் இலவசமா வந்துச்சு. வாங்காதீங்க. என்னென்ன சேத்திருக்காங்கன்னு பாத்தா மொதல்ல மைதா, ரெண்டாவது பாமாயில், அப்புறம் பிரக்டோஸ். பிரக்டோஸுக்கு ஜிஐ இருபது கிட்ட தான், ஏன்னா அது நேரா கல்லீரலுக்குப் போயிரும், ரத்தத்துல சக்கரையாப் பெருசாத் தெரியாது. எனக்கு ஏற்கனவே கல்லீரல்ல கொழுப்பு, பேட்டி லிவர் ரெண்டாம் கிரேடு, அதுக்கு இது மருந்தா? நாட்டுச்சக்கரையும் அப்படித் தான், எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு வெள்ளைச் சக்கரைய விட்டுட்டோம்னு நாட்டுச்சக்கரைல ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கறாங்க, அதுலயும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ் தான், கலர் தான் வேற. நான் ஒழுக்கமான்னா இல்ல. அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு நாலஞ்சு கிராம், ஒரு நாளைக்கு நாப்பதுல இருந்து அம்பது கிராம் சக்கரை, கிட்டத்தட்ட ரெண்டு கரண்டி சோத்தோட மாவுச்சத்து. அதை அப்படியே வெச்சுட்டு அரிசிய மாத்திட்டு இருந்தேன். இப்ப ரெண்டு டீ, சக்கரை இல்லாம. மொத வாரம் கஷாயம் மாதிரி இருந்துச்சு, இப்பவும் கஷாயம் மாதிரி தான் இருக்கு, பழகிருச்சு அவ்வளவு தான்.

கஸ்டமர் சர்வீஸ். 54ங்கறதை எந்த லேப்ல, எத்தனை பேருக்குப் பாத்தீங்க, வடிச்ச சோறா குக்கர் சோறான்னு மெயில் போட்டேன். ஜிஐ பாக்கறதுக்கு ஐஎஸ்ஓ 26642ன்னு ஒரு சர்வதேச முறை இருக்கு, அதுப்படி பண்ணிருந்தா தைரியமாச் சொல்லலாம்ல? பையில வெறும் "அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது"ன்னு தான் இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு, உங்கள் கருத்துக்கு நன்றி, இந்தாங்க பத்து சதவீதம் தள்ளுபடி கூப்பன்னு பதில் வந்துச்சு. நான் கேட்டது கருத்தாங்க? துணி துவைச்சா எவ்வளவு சுருங்கும்னு ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட் கேட்டா எந்த லேப்பு, எந்த முறை, எத்தனை வாஷுன்னு எல்லாம் போட்டுத் தான் நாங்க அனுப்பணும், இல்லைன்னா பையர் துப்புவான். வாயில போட்டுக்கற அரிசிக்கு அது கூடக் கெடையாது. கூப்பனை யூஸ் பண்ணிட்டேன்ங்கறது வேற விஷயம்.

வீட்டுல இன்னொரு தொந்தரவு, ரெண்டு ஒலை. பசங்களுக்கும் அம்மாவுக்கும் பொன்னி, எனக்கு இது. "ரெண்டு ரெண்டு சோறு வெக்க நான் என்ன கல்யாண மண்டபமா நடத்தறேன்"னு சம்சாரம் ஒரு நாள் கரண்டிய வெச்சுட்டுப் போயிட்டா. நியாயம் தான். அதுக்கப்புறம் என் சோத்த நானே காலைல வடிச்சு, ஆற வெச்சு எடுத்துட்டுப் போயிடறேன். ஆறுன சோத்துல கொஞ்சம் மாவு செரிக்காத மாவா மாறுதுன்னு சொல்றாங்க, இருக்கலாம், அதைப் பாக்கறதுக்குள்ள சென்சார் காலாவதி ஆயிருச்சு, இன்னொரு அஞ்சாயிரம் கேட்டா என்னை வீட்டை விட்டே வடிச்சு ஊத்திருவா.

மூணு மாசத்துக்கு அப்புறம் ரிப்போர்ட்: வெயிட்டு 98 கிலோ, இடுப்பு 107, பாஸ்டிங் சுகர் 97, இன்சுலின் 17, ஹோமா நாலு, ஹெச்பிஏ1சி 5.8. இன்னும் நார்மல் இல்ல, கழுத்துக் கருப்பும் போகல, லேசா வெளுத்த மாதிரி இருக்குன்னு சம்சாரம் சொல்றா, அவளுக்குக் கண்ணாடி மாத்த வேண்டிய நேரம் வேற. ஆனா டாக்டர் மாத்திரை எழுதல, இன்னும் மூணு மாசம் இப்படியே போலாம்னுட்டார்.

இதுல பைக்கு எவ்வளவு மார்க் போடறதுன்னு யோசிச்சேன். மொதப் பை பதினெட்டு நாள்ல தீந்துச்சு, ரெண்டாவது பை முப்பத்தஞ்சு நாள் வந்துச்சு, மூணாவது இன்னும் அடில ரெண்டு டம்ளர் கெடக்கு. அரிசிக்கு அஞ்சுக்கு மூணரை, அந்தப் பைல அச்சடிச்சிருக்கற சேதிக்கு ஒண்ணு, பிஸ்கட்டுக்கு சைபர். யாரு வாங்கலாம்னா, தட்டை ஏற்கனவே கொறைச்சாச்சு, சோறு இல்லாம முடியாது, வடிச்சுச் சாப்பிடப் பொறுமை இருக்கு, காசும் இருக்குன்னா தாராளமா வாங்குங்க, அந்த ஆளுக்கு இது நல்ல அரிசி. காசு இடிச்சா தெலங்கானா சோனான்னு கேட்டுப் பாருங்க, ஆர்என்ஆர் 15048ன்னும் சொல்லுவாங்க, அங்க இருக்கற வேளாண் யுனிவர்சிட்டி விட்ட ரகம், ஜிஐ 51 பக்கம்னு சொல்லித் தான் அதுக்குப் பேரே வந்துச்சு, இந்த மாதிரி வட்டம் போட்ட பைக்குள்ள இல்லாம சாதா மூட்டையிலயும் வரும். ஆனா கடைக்காரர் சொல்றதை நம்பி தான் வாங்கணும், பாத்தா அடையாளம் தெரியாது. ஏற்கனவே சக்கரைக்கு இன்சுலின் ஊசியோ, சக்கரைய எறக்கற மாத்திரையோ போட்டுட்டு இருக்கறவங்க மட்டும் என்னைப் பாத்து தட்டைத் திடீர்னு பாதியாக்கிராதீங்க, நிஜமாவே 58க்கு எறங்கிரும், டாக்டர்ட்ட டோஸைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

வாங்கறதா இருந்தா ஒரு கிலோ பாக்கெட்டுல ஆரம்பிங்க, 175 ரூவா. கிலோவுக்குப் பதினேழு ரூவா ஜாஸ்தி தான், ஆனா உங்க வீட்டு அம்மாவுக்குப் பல்லுல உருண்டுச்சுன்னா அஞ்சு கிலோவையும் நீங்க ஒருத்தரே தின்னு தீக்கணும், தோசைக்கும் ஆட்ட முடியாது.